ஒரு பிடிப் பாசி

சம்சுன்னிசா குப்பியைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்த ஜம்ஜம் நீர் முழுவதும் காய்ந்த பாசிக்குள் போய்விட்டது. கீழே ஏந்திய கிண்ணத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"அம்புட்டையும் குடிச்சிருச்சே" என்றாள் கணவனின் அக்கா பரீதா.

பரீதா தன் கடைசி நேரத்துக்கென்று மக்காவிலிருந்து வரவழைத்து, பதினொரு வருஷம் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த நீர் அது. தம்பிக்காக இன்று காலைதான் எடுத்து வந்தாள்.

பாயில் சம்சுன்னிசாவின் கணவர் அப்துல் முத்தலிப் கண்மூடிக் கிடந்தார். கரண்டியில் கொடுத்தால் புரையேறியது. பஞ்சை நனைத்து வைத்தால் வெடித்த உதட்டில் நூல் ஒட்டியது. பூமலைத் தோட்டத்தில் ஆர்க்கிட் வேர்களுக்குப் பாசி கட்டுகிறவர் அவர். வீட்டிலும் ஒரு சாக்குப் பாசி உண்டு. நேற்றெல்லாம் ஊறிய பாசியால்தான் சம்சுன்னிசா அவர் உதட்டை நனைத்தாள். ஜம்ஜம் நீருக்குப் பழையது வேண்டாமென்று இன்று புதிதாக ஒரு பிடி எடுத்தாள். அது காய்ந்த பாசி என்பதை மறந்துவிட்டாள்.

"மன்னிச்சிருங்க லாத்தா."

பரீதா தம்பியின் காதருகே குனிந்து கலிமா சொல்லத் தொடங்கினாள்.

கப்பலில் வந்த இந்தச் செத்த பாசிக்கு இவ்வளவு உபசாரமா என்று சம்சுன்னிசா ஒருமுறை கணவனைக் கேலி செய்திருக்கிறாள். தோட்டத்துத் துரை சொன்னதை அவர் அன்று சொன்னார். குளிர் நாட்டுச் சதுப்பில் இது மேலே வளர்ந்துகொண்டே கீழே சாகுமாம். செத்தது மக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, ஆறாயிரம் வருஷத்தில் இருபதடி ஆழம் ஆகியிருக்கிறதாம். பெய்கிற மழையைச் செத்த பாசிதான் பிடித்துவைத்து மேலே உயிரோடிருக்கும் பாசிக்குக் கொடுக்குமாம்.

"செத்தா என்ன சம்சு? வாங்குன தண்ணிய அது முழுங்காது. அமுக்கிக் கேட்டா குடுத்துரும்."

பாசியை அவர் உதட்டருகே கொண்டுபோய் அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினாள். நுனியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது. உதடுகள் மூடின. தொண்டை மெல்ல அசைந்தது. புரையேறவில்லை.

பரீதாவின் கலிமா நின்றது.

"இன்னொன்னு குடு" என்றாள்.

டன்லப் தெருப் பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் பாங்கு கேட்டபோது, ஆறாவது துளி உள்ளே போகாமல் உதட்டிலேயே நின்றது.

மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் ஆண்கள் அவரைச் சந்தூக்கில் வைத்து அடக்கத்துக்குத் தூக்கிப்போனார்கள். வீட்டைக் கூட்ட வந்த பரீதா, கிண்ணத்திலிருந்த பாசியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"ஜம்ஜம் பட்டது. கால்ல மிதிபடக் கூடாது. இத எங்க போடுறது?"

சன்னலில் ஒரு மரத்துண்டில் ஆர்க்கிட் தொங்கியது. காய்ச்சல் வந்த அன்று அவர் பாதி கட்டிவிட்டுப் படுத்த செடி. ஒரு பக்கத்து வேர் இன்னும் வெளியே தெரிந்தது.

சம்சுன்னிசா பாசியை வாங்கி அந்த வேரைச் சுற்றி வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை எடுத்து, அவர் சுற்றுகிற மாதிரியே சுற்றி முடிச்சை இறுக்கினாள்.

விரல் நனைந்தது.