கப்பல் வரும் அத்தியாயம்

மதியச் சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

பதிப்பகத்தின் மாடி அறையில் அண்ணி பிழை பார்ப்பதற்கான அச்சு மெய்ப்பை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்படித்தான். ஒருவர் நிறுத்தக்குறிகளோடு வாசிப்பார். இன்னொருவர் கையெழுத்துப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே போவார். வாசிப்பவர் கதையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

"தூரத்தில் கப்பல்கள் தெரிந்தன முற்றுப்புள்ளி துறைமுகச் சுவர்மேல் நின்றவன் சட்டையைக் கழற்றி வீசினான் முற்றுப்புள்ளி."

பதிப்பாசிரியர் விரலை எடுத்தார். எதிரே நாவலை எழுதியவன் உட்கார்ந்திருந்தான். அண்ணியின் கொழுந்தன்.

"தோத்த போரை ஜெயிச்சதா எழுதறீங்க. எழுதுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா வெளிநாட்டுக்காரன் எதுக்கு சார் வரணும்?"

"ஜனங்க சாகறாங்களே."

"அதுக்கு வர்றதுக்குக் கப்பல் என்ன டவுன் பஸ்ஸா, கை காட்டினா நிக்க? அவனுக்கு என்ன லாபம்?"

"துறைமுகத்துக்குப் பக்கத்துல எண்ணெய்க் கிணறு வச்சிடறேன்."

"அப்ப ஜெயிக்கிறவனோட ஒப்பந்தம் போடுவான். தோக்கறவனை எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?"

"அவங்க நாட்டுல தேர்தல். தெருவெல்லாம் ஊர்வலம்."

"மழை பெய்ஞ்சா ஊர்வலம் கலைஞ்சிடும்." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "வாசகன் நம்பணும் சார். கப்பலை எடுத்தா நாளைக்கே அச்சுக்குப் போகும். இல்லன்னா என்னை விட்டுடுங்க."

இதை வாங்க முன்வந்த ஒரே பதிப்பகம் அதுதான்.

அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போரின் கடைசி நாட்களில் அண்ணன் அவளைத் துறைமுக ஊரிலிருந்து கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "கப்பல் வரும்னு ரேடியோல சொல்லிட்டான். அதுல வந்துடறேன், போ" என்றிருந்தார். நாவலில் சுவர்மேல் நின்றவனுக்குப் பெயர் இல்லை. அவன் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் நீல நூலில் தைத்தது என்று எழுதியிருந்தான். தைத்தவள் எதிரே இருந்தாள்.

"சரி. ஒரே ஒரு கப்பல்" என்றான். குரல் உயர்ந்தது. "வருது. அதோட ஆளுங்களை மட்டும் ஏத்திக்குது. போயிடுது. போதுமா?"

நிஜத்தில் நடந்தது அதுதான்.

"ஆங்!" பதிப்பாசிரியர் மேஜையைத் தட்டினார். "இது நம்பற மாதிரி இருக்கு. இதை விட்டுட்டு என்னென்னவோ எழுதியிருக்கீங்களே!"

பேனாவை நீட்டினார். அவன் அதைக் கொஞ்ச நேரம் வாங்கவில்லை. பிறகு வாங்கினான். ஓரத்தில் மூன்று வரி எழுதினான்.

திருத்தியதை மறுபடி வாசித்தாக வேண்டும். அதுவும் அங்கே வழக்கம்.

"ஒரு கப்பல் வந்தது முற்றுப்புள்ளி" என்று அண்ணி வாசித்தாள். "தன் நாட்டவரை மட்டும் ஏற்றிக்கொண்டது முற்றுப்புள்ளி திரும்பிப் போனது முற்றுப்புள்ளி."

குரலில் எந்த மாற்றமும் இல்லை.

மணி அடித்தது. பதிப்பாசிரியர் அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். படிகளில் செருப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

அண்ணி அடுத்த தாளைப் புரட்டினாள். பென்சிலை அதன்மேல் வைத்தாள். எடுத்தாள்.

"தம்பி, அடுத்த பக்கத்துல அவர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டறாரே. அதை என்னப்பா பண்ண?"