பாலை மரத்தடி

மாங்கேணியில் போஸ்ட் மாஸ்டர் வினாயகமூர்த்தியின் பின்வேலியைத் தாண்டினால் காடு. ஒற்றையடிப் பாதை ஒன்று உள்ளே போகும். பாலை மரம் வரை அரை மணி நேர நடை. பதினொரு வருடம், ஞாயிறு தவறாமல், அவரும் பக்கத்து வீட்டுத் தச்சர் ஹேர்பர்ட்டும் அதில் நடந்தார்கள். காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பின்தங்கியவர் ஒரு கூ வைப்பார். முன்னால் போனவர் இரண்டு கூ வைத்துப் பதில் சொல்வார். தேனெடுக்கிறவர்களும் மாட்டுக்காரரும் அப்படித்தான்.

மூன்று வருடமாக அந்த நடை இல்லை. இன்று பத்து மணிக்கு ஹேர்பர்ட்டை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வாடகை வான் வருகிறது. மகள் லொறெய்ன் மெல்பேர்னுக்குக் கூப்பிட்டுவிட்டாள். இனித் திரும்பி வரமாட்டார்.

விடிந்ததும் ஹேர்பர்ட் வேலிக்கு வந்தார்.

"மச்சான், நான் விழுந்த இடத்தில என்ட கத்தி கிடக்கும். ஒருக்காப் பாத்து வாறியா?"

"பிளேனில கத்தி கொண்டு போக விடுவானா?"

"பெட்டிக்குள்ள போடுவன். பிடி முதிரை மரம். நானே கடைஞ்சது."

வினாயகமூர்த்தி போனார். பாதையை விட்டு விலகி அந்த இடத்துக்கு அவர் போனதே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது சின்ன விஷயம். ஹேர்பர்ட் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொல்லிவிட்டார்: "நம்மட போஸ்ட் மாஸ்டர் எருமையைக் கரடி எண்டு நினைச்சு மரத்தில ஏறிட்டார். இறக்க நான்தான் தோள் குடுத்தன்." கடையே சிரித்தது. அந்தக் கிழமை முழுக்க, கடிதம் போட வந்தவர்களெல்லாம் கரடியைச் சுகம் விசாரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு வினாயகமூர்த்தி ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் நடந்தார். பாலை மரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். பின்னால் ஒரு கூ கேட்டது. பதில் வைக்கவில்லை. தேத்தண்ணி குடித்தார். இருமினார். இன்னொரு கூ. கொஞ்சம் தேடட்டும் என்று நினைத்தார். குளக்கட்டு வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் மாட்டுக்காரர் கதிர்காமத்தம்பிதான் ஹேர்பர்ட்டைக் கண்டெடுத்தார். பாறை இடுக்கில் கால் மாட்டி எலும்பு முறிந்திருந்தது. கால் பொருந்தியது, ஆனால் மற்றக் காலை விடக் கட்டையாகப் பொருந்தியது.

"நான் அப்ப குளக்கட்டில மச்சான். கேக்கல்ல." ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வினாயகமூர்த்தி சொன்னார்.

"ஓம்," என்றார் ஹேர்பர்ட்.

இன்று பாறையடியில் சருகைக் கிளறியபோது கத்தி அகப்பட்டது. அலகு துருப்பிடித்திருந்தது. பிடி அப்படியே இருந்தது. நிமிரும்போது மிகக் கிட்டே ஒரு குரல் கேட்டது.

"மருந்துக் குளிசை முடிஞ்சு போச்சு பிள்ள. நாளைக்கு எடுப்பம்."

கதிர்காமத்தம்பியின் குரல். செடிகளை விலக்கிப் பார்த்தார். பாலை மரத்தடியில் மனிதர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பாதை பாறையைச் சுற்றி வளைந்து போவதால் நடக்கிறவருக்கு அது தூரம். நேரே பார்த்தால் ஒரு வீட்டு வளவு அகலம்கூட இல்லை. கதிர்காமத்தம்பி தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். மூடி திருகும் சத்தமும் கேட்டது.

வினாயகமூர்த்தி கத்தியை மடியில் செருகிக்கொண்டு பாதைக்கு ஏறினார்.

திரும்பி வந்தபோது வான் நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. ஹேர்பர்ட் கத்தியை வாங்கிப் பிடியைத் துடைத்தார்.

"பாறையடியில நிண்டனியா?"

"நிண்டன்."

"எல்லாம் கேக்கும், என்ன?"

"ஓம்."

"உன்ட இருமல் எனக்குத் தெரியாதா மச்சான்."

"பிறகேன் ஒண்டும் கேக்கல்ல நீ?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தன்." ஹேர்பர்ட் வானின் கதவைப் பிடித்து, கட்டைக் காலை முதலில் தூக்கி வைத்தார். "மூண்டு வருசம் பாத்தன். இண்டைக்கும் நான்தான் உன்ன அங்க அனுப்ப வேண்டிக் கிடந்தது."

சாரதி எஞ்சினை இயக்கினான். சொல்ல வேண்டிய சொல் வினாயகமூர்த்தியின் வாய்வரை வந்தது.

"கத்தியை மறக்காமப் பெட்டிக்குள்ள போடு," என்றார்.

ஹேர்பர்ட் தலையாட்டினார். வான் வாகரை வீதிக்கு ஏறித் தெற்கே திரும்பியது.