கச்சி முகம்மதுவின் கற்பூரப் பெட்டி

காத்தான்குடிப் பெரிய தெருவில், கச்சி முகம்மதுவின் புடவைக் கடையில் வாங்கிய கைலிச் சாரனை யார் உடுத்தியிருக்கிறார்கள் என்று அந்த வருசம் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பள்ளியில் தொழுகைக்கு வரிசை கட்டி நிற்கும்போது அங்கொருவர் இங்கொருவராகக் கோயில் வாசம் வீசினார்கள். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள், வெளியே வந்து சிரித்தார்கள், கடைக்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருடைய மச்சான் மர்சூக்குக்குப் பின்னால் ஒரு பழி வந்திராது. ஆனால் கையில் கிடைத்த வேடிக்கையை யார்தான் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள்?

எல்லாம் ஒரு பலகைப் பெட்டியால் வந்தது. போன ஆடி அமாவாசைக்கு, அமிர்தகழி மாமாங்கத் திருவிழாவில் புடவை விற்கப் போயிருந்தார் கச்சி முகம்மது. தீர்த்தம் முடிந்து சனம் கலைந்ததும், பக்கத்துக் கடைக்காரன் மிஞ்சிய கற்பூரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகப் பார்த்தான். கச்சி முகம்மதுவின் வியாபார மூளை விழித்துக்கொண்டது. திருவிழா முடிந்தால் மலிவு, அடுத்த திருவிழா வந்தால் கிராக்கி. நடுவில் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கற்பூரம் என்ன அரிசியா, வண்டு விழ? மீனா, நாற? தன் வீட்டில் ஒருநாளும் கற்பூரம் கொளுத்தியிராத மனிதர், பெட்டி நிறைய வாங்கி வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார். புடவைகள் அடுக்கிய பின்னறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் மச்சான் மர்சூக்கிடம் கொடுத்தார்.

மர்சூக் அவருடைய மனைவி கைறுன்னிஸாவின் தம்பி. கடையில் வலது கை. ஏறாவூரில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தது.

இந்த ஆடியில், திருவிழாவுக்குச் சரக்கு ஏற்றுவதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். விளிம்பு வரை நிறைந்திருந்த கற்பூரம் பாதிக்கும் கீழே கிடந்தது.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் கைறுன்னிஸா காதைக் கொடுத்து நின்றாள்.

"சாவி ஆருக்கிட்ட இரிந்த, மச்சான்?" கணவரின் குரல் மெதுவாகத்தான் வந்தது. அவர் மெதுவாகப் பேசினால் அவளுக்குப் பயம்.

"எனக்கிட்டதான்."

"பொறகு?"

"பொறகு என்ன? நான் எடுக்கல்ல."

"நீயும் எடுக்கல்ல, நானும் எடுக்கல்ல. எலிக்குத்தான் மாமாங்கத்தில நேத்திக்கடன் போல."

மர்சூக் சாவியை மேசையில் வைத்தான்.

"நாளைக்கு ஜும்மாவுக்குப் பொறகு பள்ளியில, நாலு பேருக்கு முன்னால சத்தியம் பண்ணு. இல்லாட்டி இந்தக் கடைப் பக்கம் வராத."

தம்பி அடுத்தவர் பொருளில் கை வைக்காதவன் என்று கைறுன்னிஸாவுக்குத் தெரியும். அவன் பொய் சொன்னால் காது சிவக்கும்; திரை இடுக்கால் பார்த்தாள், இன்றைக்குச் சிவக்கவில்லை. ஆனால் சத்தியம் பண்ணியும் என்ன? அவன் பள்ளியை விட்டு இறங்குமுன்னே கதை ஏறாவூரில் இறங்கிவிடும். பெண்ணின் வாப்பா ஏற்கெனவே பின்வாங்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த ஆள்.

அந்த நேரம் பார்த்து, ஆரையம்பதியிலிருந்து தயிர் கொண்டுவரும் அன்னப்பூரணி பின்வாசலில் கூப்பிட்டாள். கைறுன்னிஸாவின் முகத்தைப் பார்த்தவள் தயிர் முட்டியை இறக்கி வைத்துவிட்டாள். கதை கேட்காமல் அவள் போகமாட்டாள். கைறுன்னிஸா மறைத்துப் பார்த்தாள், முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டினாள்.

அன்னப்பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மிளகு போட்டு வச்சீங்களா, புள்ள?"

"கற்பூரத்துக்கு மிளகு ஏன் அக்கா?"

"இறுக்கமான டப்பாவில நாலு மிளகோட வைக்காட்டி அது காத்தோட போயிரும். தட்டில மறந்து வச்சா மறு வெள்ளிக்குத் தட்டுத்தான் மிச்சம். உங்கட கடைச் சீலையெல்லாம் ஏன் மணக்குதெண்டு நினைச்சீங்க? எங்களுக்குச் சந்தோசம்தான், உடுத்துற நேரமே பாதிக் கும்பிடு முடிஞ்சிரும்."

கைறுன்னிஸா கணவரை உள்ளே அழைத்துச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

"கல்லுப்போலக் கிடக்கிற சாமான் காத்தோட போகுமா? உண்ட தம்பிக்காக ரெண்டு பேருமாச் சேர்ந்து கதை கட்டுறீங்க."

"அப்ப நீங்களே காவல் இரிங்க."

பயறளவு கற்பூரத்தை ஒரு கோப்பையில் போட்டு முற்றத்து வெயிலில் வைத்தாள். காகம் தூக்காதபடி மேலே மாவு சலிக்கும் அரிதட்டைக் கவிழ்த்தாள். கச்சி முகம்மது குடையைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் குந்தினார். புடவை வாங்க வந்தவர்கள் முதலாளியைத் தேடி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் புடவை வாங்க வரவில்லை என்பது வேறு கதை. மர்சூக்கைப் பக்கத்தில் வரவிடவில்லை. மனைவியையும் தள்ளியே நிற்கச் சொன்னார். மத்தியான லுஹர் தொழுகையைக்கூட அந்த இடத்திலேயே பாய் போட்டு முடித்தார்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது அரிதட்டைத் தூக்கினார். கோப்பை வெறுமையாக இருந்தது. விரலால் தடவினார், முகர்ந்தார், கோப்பையைக் கவிழ்த்துத் தட்டினார்.

"கள்ளனக் கண்டீங்களா?" என்று கேட்டாள் கைறுன்னிஸா.

அவர் நேரே கடைக்குள் போய், இருந்ததில் நல்ல சாரன் ஒன்றை உருவி மர்சூக்கின் மடியில் போட்டார். "நாளைக்கு ஜும்மாவுக்கு இத உடு, மச்சான். சத்தியமும் வேணாம், ஒண்டும் வேணாம்." மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அந்தச் சாரன்தான் மன்னிப்பு என்று மூன்று பேருக்கும் விளங்கியது. மர்சூக் அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தான். திரைக்குப் பின்னால் கைறுன்னிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஞ்சிய கற்பூரத்துக்கு மிளகு எடுக்கப் போனாள்.

கதை ஏறாவூருக்குப் போகத்தான் செய்தது. ஆனால் கோப்பைக்குக் காவல் இருந்த முதலாளியின் கதையாகப் போனது. பெண்ணின் வாப்பா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கலியாணத்துக்கு நாள் குறித்தார்.

மிச்சக் கற்பூரம் திருவிழாவில் நல்ல விலைக்குப் போனது. போன மாரியில் தெருவில் மற்றக் கடைப் புடவைகளையெல்லாம் பூச்சி அரித்திருக்க, கச்சி முகம்மதுவின் புடவையில் ஒரு ஓட்டைகூட இல்லை என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்காகவேதான் கற்பூரத்தைத் திறந்து வைத்தேன் என்று தேநீர்க் கடையில் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள்.

ஒருநாள் கடையில் மர்சூக்கிடம், "மச்சான், இப்ப உப்பு மலிவு. மாரிக்கு மூட்டை மூட்டையா வாங்கி வச்சா என்ன?" என்று கேட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து கைறுன்னிஸாவின் குரல் வந்தது.

"வாங்குங்க. சாவிய மட்டும் எண்ட தம்பிக்கிட்டக் குடுக்காதீங்க."