அங்கம்மாவுக்குப் பேர் விழுந்த காலை

ஜெயந்தினிக்கு மதலேனாவைப் பிடிக்காது என்பது முதியோர் இல்லத்தில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் தெரியும், சமையல்கட்டுப் பூனைக்கும் தெரியும். மதலேனாவுக்கு மட்டும் தெரியாத மாதிரியே இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

பதுளை டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறுகிற ரோட்டில் இருக்கிறது அந்த இல்லம். மதலேனா அதன் பொறுப்பாளர். எட்டாம் வகுப்போடு நின்றவர். பாத்திரம் கழுவ வந்து, படுத்த படுக்கையானவர்களைத் தூக்கிப் புரட்டிப் பழகி, பதினெட்டு வருஷம் கழித்து ஒரு ஆறுமாதப் பயிற்சிச் சான்றிதழோடு நாற்காலியில் உட்கார்ந்தவர். ஜெயந்தினி துணைப் பொறுப்பாளர். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டமளிப்புப் படத்தை மாட்ட ஆணி அடித்தபோது லயத்துச் சுவர் பாளம் பாளமாய்ப் பெயர்ந்து விழுந்தது. அந்தச் சுவருக்குள் இருந்து படித்து வந்தவள், கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் எடுக்கிற ஒருத்தியிடம் லீவுக் கடிதம் நீட்ட வேண்டியிருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

அம்மா இராக்கம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வருகிறேன் என்று வருவாள், வந்ததும் நேரே மதலேனாவின் அறைக்குப் போவாள். வெடித்த விரல்களை நீட்டுவாள். மதலேனா அவற்றை வெந்நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவிவிடுவார். ஒருநாள் அம்மா சொன்னாள்: "ஒனக்குப் படிப்பு இருக்குடி. அந்தப் புள்ளைக்குக் கை இருக்கு."

ஜெயந்தினி இரண்டு வாரம் அம்மாவோடு பேசவில்லை. பொறுப்பாளர் நாற்காலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உட்கார்ந்தால் அம்மா யார் அறைக்கு வருவாள் என்று பார்க்கலாம்.

அதற்கு வழி பெரட்டில் கிடைத்தது.

இல்லத்துக் கிழவிகள் எல்லாம் தோட்டத்தில் நாற்பது வருஷம் கூடை சுமந்தவர்கள். மாத்திரை குடிங்க என்று கெஞ்சினால் வாயை இறுக்கிக்கொள்வார்கள். மதலேனா ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். காலை ஆறு மணிக்கு விறாந்தையில் நின்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மாதிரி, பேர் பேராகக் கூப்பிடுவார். அவ்வளவுதான், எல்லாரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள். பெரட்டில் நின்றால் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். அந்தப் பயம் கிழவிகளின் எலும்பில் ஊறியது. ஆனால் மதலேனாவின் எலும்பிலும் அதே பழக்கம் ஊறியிருந்தது. ஆள் வந்து நின்றதுமே மருந்து ரெஜிஸ்டரில் 'சரி' போட்டுவிடுவார். மாத்திரை கொடுப்பது அதற்குப் பிறகு.

கொடுத்த பிறகு, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் சரி போட வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். ஜெயந்தினி இதைச் சொல்லவில்லை. போனை எடுத்தாள். ஒவ்வொரு காலையும் ரெஜிஸ்டரை நேரத்தோடு படம் பிடித்தாள். எட்டு மாதம்.

அந்த வெள்ளிக்கிழமையும் பெரட்டு நடந்தது. எல்லாருக்கும் சரி விழுந்தது. மதலேனா குவளை குவளையாகக் கொடுத்துக்கொண்டு வந்தபோது கடைசி அறையில் பெரியாயி வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. கையில் இருந்த அங்கம்மாவின் குவளையை ஜன்னல் கட்டின் மேல் வைத்துவிட்டு ஓடினார். பேர் விழுந்துவிட்ட திருப்தியில் அங்கம்மா சுவருக்குப் பின்னால் கீரை பறிக்க நடந்தாள்.

ஜெயந்தினி குவளையைப் பார்த்தாள். உள்ளே வலிப்பு மாத்திரை அப்படியே கிடந்தது. பக்கத்தில் விரித்திருந்த ரெஜிஸ்டரை வழக்கம்போலப் படம் பிடித்துவிட்டு ஆபீசுக்குள் போனாள்.

அரை மணி கழித்துத் திரும்பிய மதலேனா ரெஜிஸ்டரைப் பார்த்தார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஜன்னல் பக்கம் திரும்பாமலே தேத்தண்ணி குடிக்கப் போனார். ஒன்பது மணிக்கு அங்கம்மாவைச் சுவரோரத் தண்ணிக் கானுக்குள்ளிருந்து தூக்கினார்கள். வலிப்பு வந்து விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்து, நெற்றி கிழிந்திருந்தது.

அன்று மத்தியானமே ஜெயந்தினியின் முறைப்பாடு, படங்களோடு, மாகாண அலுவலகத்துக்குப் போயிற்று.

விசாரணைக்கு வந்தவர் றஹீம் என்கிற அதிகாரி. சாப்பாட்டு மேசையையே விசாரணை மேசையாக்கி உட்கார்ந்தார். வாசலில் கிழவிகள் கூடிவிட்டார்கள்.

"இந்தச் சரி எல்லாம் நீங்க போட்டதா?"

"நான்தான் போட்டேன் சேர்," என்றார் மதலேனா.

"மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான். ஆள் நின்னா பேர் போட்டுப் பழகிட்டேன். தப்புத்தான் சேர். அங்கம்மா விழுந்தது என்னாலதான்."

வாசலிலிருந்து பெரியாயி கத்தினாள்: "பெரட்டுக்கு நின்னவளுக்குப் பேர் போடாம வேற என்னாத்த போடுறது? நீங்க எந்தத் தோட்டத்து தொரைங்க?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க."

"எங்க கங்காணியும் இதையேதான் சொன்னான். செத்துப் போனான்."

றஹீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிதாக அச்செடுத்த அந்த வெள்ளிக்கிழமைப் படத்தை மதலேனாவிடம் நீட்டினார். அப்போதுதான் ஜெயந்தினியும் அதைப் பெரிதாகப் பார்த்தாள். ரெஜிஸ்டருக்கு மேலே, படத்தின் மூலையில், ஜன்னல் கட்டு. அதில் ஒரு குவளை. குவளைக் காதில் சிவப்பு நூல்.

இல்லத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆளுக்கொரு நிற நூல். சிவப்பு அங்கம்மாவுடையது. வெளியாளுக்கு அது வெறும் குவளை.

மதலேனாவின் விரல் மூலையில் போய் நின்றது. தலையை நிமிர்த்தி ஜெயந்தினியைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு படத்தைத் திருப்பி நீட்டினார்.

"ஆமாங்க சேர். அன்னைக்கு எடுத்ததுதான்."

அவ்வளவுதான். ஜெயந்தினி காத்திருந்தாள். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று. சொல்லவில்லை. றஹீம் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

தப்பித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிச்சை போடுகிறாள் என்றுதான் தோன்றியது. அம்மாவின் விரல்களை நீவின அதே கையால் எனக்கும் போடுகிறாள். இதை வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், உட்காருகிற ஒவ்வொரு நாளும் இவள் கொடுத்த இடமாகத்தான் இருக்கும். இதிலுமா இவள் என்னைவிடப் பெரியவளாக வேண்டும்?

எழுந்து நின்றாள்.

"சேர், படத்தோட மூலையப் பாருங்க. அந்தச் சிவப்பு நூல் குவளை அங்கம்மாவோடது. மாத்திரை உள்ளேயே இருந்துச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"எடுத்துக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருந்தா அந்தப் படத்தால ஒண்ணும் ஆகியிருக்காது சேர்."

றஹீம் பேனாவைக் கீழே வைத்தார்.

"எட்டு மாசப் படம் இருக்கு. ஒரு நாளாவது இவங்ககிட்ட தப்புன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே ஜெயா," என்றார் மதலேனா. அவர் குரலில் கோபம் இல்லை; உண்மையாகவே புரியாத குரல்.

"மாத்தியிருப்பீங்கன்னு தெரியும். அதனாலதான் சொல்லல."

மூன்று வாரத்தில் கடிதங்கள் வந்தன. மதலேனாவின் பதிவு ஆறு மாதத்துக்கு நிறுத்தம், மறுபடி பயிற்சி. ஜெயந்தினிக்கு எழுத்தில் கண்டனம். மூன்று வருஷத்துக்குப் பொறுப்பாளர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. தினமும் மருந்து வேளையில் இன்னொருவர் மேற்பார்வையில் நிற்க வேண்டும். நாற்காலிக்கு மொனராகலையிலிருந்து விஜேந்திரன் என்று ஒருவர் வந்தார். மதலேனா ஒரு பையோடு தெமோதரையில் அக்கா வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு விறாந்தையில் நின்றாள். ஜெயந்தினி சிவப்பு நூல் குவளையை நீட்டினாள். விஜேந்திரன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல பேர் போடு."

"முழுங்குங்க. பொறகு போடுறேன்."

"மதலேனா புள்ள மொதல்லயே போடும்."

"அதாலதான் ஒங்க தோள் ஒடஞ்சிச்சு."

"அதாலயா?" அங்கம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதால மட்டுமா?"

ரோட்டில் ஸ்பிரிங்வெளியிலிருந்து இறங்குகிற முதல் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது ஜன்னலில் அம்மா. மடியில் ஒரு பொட்டலம். ஜெயந்தினி கையைத் தூக்கினாள். அம்மா பார்த்தாள்; பார்த்துவிட்டு நேரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் நிற்கவில்லை. டவுனுக்குப் போய் அங்கிருந்து தெமோதரை பஸ் ஏறுவாள். வெடித்த விரல்களோடு.

தூக்கிய கையை இறக்க ஜெயந்தினிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அங்கம்மா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, வாயைத் திறந்தாள்.

ஜெயந்தினி மாத்திரையை நாக்கில் வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்கும்வரை நின்றாள். பிறகுதான் பேனாவை எடுத்தாள்.