பாதிக் கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்பூரில் கலீமுல்லா வீட்டுக் கூடத்தில் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பாட்டை எங்கே கேட்டார்கள்? எல்லார் கண்ணும் சுவரில் மாட்டியிருந்த இசைத்தட்டு உறை மேல்தான். பாடகி கலவை ராஜம்மாள் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கைப்படக் கையெழுத்துப் போட்டது. மூலையில் டீயோடு உட்கார்ந்திருந்த அவர் நண்பர் பஞ்சாட்சரத்துக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் ராஜம்மாளைப் பார்க்கக் கலவைக்குப் போனார்கள். நோயில் கிடந்த அந்த அம்மா, நடுங்கும் கையால் கலீமுல்லாவின் உறையில் முழுப் பெயரும் எழுதினார். பஞ்சாட்சரத்தின் உறையில் ‘ராஜ’ என்று எழுதும்போதே கை சோர்ந்து பேனா நழுவிவிட்டது. அவனுக்கு முழுசு, எனக்குப் பாதியா? அன்று பிடித்த புகைச்சல். வாய் தோஸ்த் தோஸ்த் என்னும், உள்ளே கருகிக்கொண்டே இருக்கும்.

ராஜம்மாள் நினைவாக வேலூர் சபா ஒன்று கண்காட்சி அறிவித்தது. அவர் கையெழுத்துப் போட்ட உறை ஒன்றை மேடை நடுவில் வைப்பார்களாம், கையெழுத்து அசல் என்று சான்றிதழ் கட்டாயமாம். பஞ்சாட்சரம் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். தோலில் கீறல் இருந்தால் டச்-அப் பேனாவால் தடவி, இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்ட வைப்பது தினப்படி வேலை. அந்தப் பேனாவையே எடுத்தார். அந்த அம்மாவின் பழைய கையெழுத்து இருந்த போட்டோ ஒன்றைப் பார்த்து, நடுங்கிய எழுத்தை நீவி, மீதி எழுத்தையும் சேர்த்து முடித்தார்.

சான்றிதழ் தர ஆன்லைனில் ஒரு கம்பெனி இருந்தது. அவர்கள் பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். போட்டோவும் பணமும் போனால் பளபளவென்று முத்திரையோடு காகிதம் வரும். இரண்டு பேருமே உறையைச் சபாவில் ஒப்படைத்துவிட்டு, போட்டோவைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். பஞ்சாட்சரத்தின் கையெழுத்து உண்மையானது என்று வந்தது. கலீமுல்லாவுடையது ராஜம்மாளின் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம், போலியாம்! பஞ்சாட்சரம் அன்று பிரியாணி இரண்டு பிளேட் சாப்பிட்டார்.

கண்காட்சியன்று மேடை நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சாட்சரத்தின் உறை இருந்தது. சபா செயலாளர் அருணகிரி, கூட்டத்துக்கு நடுவிலேயே கலீமுல்லாவின் உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது ஒரிஜினல் இல்லைன்னு வந்துட்ச்சு பாய். எடுத்துக்கினு போய்டுங்க.”

“இன்னா பாய், நீங்களே போட்டுக்கிட்டீங்களா?” என்று ஒருத்தன் சிரித்தான்.

கலீமுல்லாவுக்கு முகம் செத்துவிட்டது. நண்பன் பக்கம் திரும்பினார். “பஞ்சு, நீ கூட இருந்தல்ல? சொல்லுப்பா.”

“நான் இன்னாத்த சொல்றது? சர்டிபிகேட்ல இருக்கிறதுதான்.”

சொன்னதும் பஞ்சாட்சரத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. சீ, இப்படியும் ஒரு மனசு!

சிரித்தவன் விடவில்லை. “அப்ப பெட்டிக்குள்ள இருக்கிறது மட்டும் நெசமா?”

கலீமுல்லா பெட்டிக்குள் பார்த்தார். அன்று கலவையில் அந்த உறையைப் பிடித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். ‘ராஜ’ அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொன்னால் பஞ்சாட்சரத்தின் மானம் போய்விடும்.

“அவனுக்கும் அம்மா போட்டாங்க, நான் பாத்தேன்” என்றார் கலீமுல்லா. “அவனை ஏன் பேஜார் பண்றீங்க?”

பஞ்சாட்சரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்து தன் உறையை வெளியே எடுத்தார்.

“சார், இதுல ‘ராஜ’ மட்டும்தான் அம்மா போட்டது. அதையும் தடவி மாத்திட்டேன். மீதி நான் எழுதினது. இவன் வெச்சிருக்கானே, அது முழுக்க அம்மா கை. என் கண்ணு முன்னால போட்டாங்க.”

அருணகிரி திகைத்துப் போனார். “அப்ப இந்த சர்டிபிகேட்டு?”

“என் பொய்யை நெசம்னுச்சு, இவன் நெசத்தைப் பொய்யுன்னுச்சு. தொட்டுக்கூடப் பாக்காம காசுக்குக் குடுக்கிற முத்திரையை நம்பாதீங்க சார். தோஸ்த்துக்குக் கெடச்சதைப் பாத்து வயிறெரியறவன் சாட்சிய நம்பவே நம்பாதீங்க.”