தயவுசெய்து தடை செய்யவும்

பர்த்தெலமி துசோனின் புத்தகத்தை அரசாங்கம் அனுமதித்துவிட்டது. மனுஷன் இடிந்துபோய்விட்டார்.

பாரிஸில் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. குடிமக்கள் சம்மதித்தால்தான் அரசன் அரசன் என்று எழுதியிருந்தார். எழுதும்போதே தன் துணிச்சலைக் கண்டு தானே பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்டவர். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே 'படித்தேன், மகிழ்ந்தேன், ஆட்சேபம் இல்லை' என்று தணிக்கையாளர் கெனார் எழுதிவைத்தால், மன்னரின் முத்திரையும் கூடவே விழுந்தால், எவன் வாங்குவான்?

"எடுக்கறாங்க, முத்திரையப் பாக்கறாங்க, வெச்சிட்டுப் போயிடறாங்க," என்றாள் புத்தகக்கடை மதாம் பெர்னெல். "நேத்து ஒருத்தர் வாங்கினார். பாதிரியார். தங்கச்சி பொண்ணுக்குச் சர்ச்சுல புதுநன்மைச் சடங்காம், அதுக்குப் பரிசா குடுக்கப்போறாராம்."

"பாதிரியாரா?" துசோன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேசைக்கு அடியில வெச்சு விக்கிறதுதாங்க இந்த ஊர்ல விக்குது. உங்களதையும் அடியில தள்ளிப் பாத்தேன். முத்திரையப் பாத்துட்டு, என்னையே மோசடிக்காரின்னுட்டாங்க."

துசோனின் ஆசை பெரிய ஆசை இல்லை. அவர் புத்தகத்தை நீதிமன்ற நடுமுற்றத்தில், தலை வெட்டுகிற சேவகன் கையால் எரிக்க வேண்டும். பிறகு பாஸ்தீலில் கொஞ்ச நாள் சிறை. சீமாட்டிகள் ஒயினும் பறவைக்கறியும் அனுப்பிவைக்க வேண்டும். வெளியே வந்து காபிக்கடையில் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். இத்தனை வருஷமாக அதே காபிக்கடைக்குப் போகிறார். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நேராகத் தணிக்கையாளர் வீட்டுக்கே போனார். கெனார் வெங்காய சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க என் புத்தகத்தச் சரியாப் படிக்கல."

"படிச்சேனே. நல்லா தூக்கம் வந்துச்சு."

"அரசன் நாம கூலிக்கு வெச்ச காவல்காரன்னு எழுதியிருக்கேன். ஏழாவது அத்தியாயம்."

"காவல்காரன்னா நல்லவன்தானே?" கெனார் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டார். "இப்போ தடை பண்ணா, நான் தப்பு பண்ணிட்டேன்னு ஆயிடும். என் பென்ஷனுக்கு யாரு பதில் சொல்றது? கோவிச்சுக்காதீங்க. அடுத்த புத்தகம் எழுதிட்டு வாங்க, படிக்காமலே தடை பண்ணித் தர்றேன்."

வேறு வழியில்லை. துசோன் தன் புத்தகத்தின் மேல் தானே நீதிமன்றத்துக்கு மொட்டைப் புகார் எழுதினார். பெயர் போடத் துணியாதவனுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை என்று அதே புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. அது இப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. ஒரு பக்கம் போதும் என்றுதான் உட்கார்ந்தார். ஆனால் அந்தப் புத்தகத்தின் ஓட்டை ஒடிசல் அவரைவிட யாருக்குத் தெரியும்? கிழி கிழியென்று கிழித்தார். எழுதிக்கொண்டே சிரித்தார். உண்மையைச் சொன்னால், அவ்வளவு நன்றாக அவர் வாழ்நாளில் எழுதியதே இல்லை. முடித்ததும் ஒரு கூலி ஆளிடம் நீதிமன்றத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

நீதிபதிகள் புகாரைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, புத்தகத்தை எரிக்கவும் துசோனைக் கைது செய்யவும் உத்தரவிட்டார்கள். எரிக்கிற நாளில் துசோன் புது விக் அணிந்து முன்வரிசையில் நின்றார். தீயில் விழுந்தது ஒரு பழைய சம்மன் கட்டு. புகாரே அவ்வளவு சுவையாக இருந்ததால், புத்தகத்தை வரவழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

போகட்டும், இனி விற்குமே என்று கடைக்கு ஓடினார். வாசலில் கூட்டம் நெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் என் புத்தகத்துக்கா?"

"தீர்ப்புக்கு," என்றாள் மதாம் பெர்னெல். "கூடவே அந்தப் புகாரையும் அச்சடிச்சிருக்காங்க. யாரு பெத்த புள்ளையோ, என்னமா எழுதியிருக்கான்."

"அப்போ என் புத்தகம்?"

"அதான் அவன் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டானே. இனிமே அத யாரு படிப்பா?"

மறுநாள் காலை காவல் அதிகாரி ஒருவர் இரண்டு தாள்களோடு வந்து கதவைத் தட்டினார்.

"துசோன்கிற ஆளக் கைது பண்ண உத்தரவு ஒண்ணு. இன்னொண்ணு, கெனார் ஐயாவ வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அந்த வேலைய புகார் எழுதினவருக்குக் குடுக்கறாங்க. புகாரக் கொண்டுவந்த ஆளும் இந்த வீட்டத்தான் காட்டினான். நீங்க எந்த ஆளுங்க?"

துசோன் நெஞ்சை நிமிர்த்தினார். "பாஸ்தீலுக்குத்தானே கூட்டிட்டுப் போவீங்க?"

"பாஸ்தீலா? அது பேர் தெரிஞ்ச ஆளுங்களுக்குங்க. அந்தப் புத்தகத்த ஒருத்தரும் படிக்கல. துசோனுக்கு ஊர்க்கோடியில திருடனுங்க சிறைதான். மழைக்காலம் பாருங்க, வைக்கோல் கொஞ்சம் நனைஞ்சிருக்கும்."

துசோன் வெளியே பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் குளிராக இருந்தது.

"துசோன் ராத்திரியே ஹாலந்துக்கு ஓடிட்டான். புகார் எழுதினது நான்தான்."

அதிகாரி சட்டென்று தொப்பியைக் கழற்றினார். "ஐயா பேரு?"

"ப்ரெசாக்," என்றார், வாயில் வந்ததை.

அன்று மாலை அந்த அதிகாரி பெயரைச் சொல்லி அழைத்துவர, காபிக்கடைக்குள் அவர் நுழைந்தபோது, "ப்ரெசாக் ஐயா" என்று அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். இத்தனை வருஷமாக வந்துபோன துசோனின் முகம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மதாம் பெர்னெல் மட்டும் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

காபி வந்தது. காசு வேண்டாம் என்றார்கள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"அந்த ஏழாவது அத்தியாயம் அவ்வளவு மோசமில்ல."

கடையே சிரித்தது. ப்ரெசாக் ஐயாவின் நக்கலே நக்கல் என்று ஆளாளுக்கு மேசையைத் தட்டினார்கள்.