ரெண்டு விட்டு மூணு

ஆஸ்பத்திரியின் நூற்றாண்டு விழாவில் டாக்டர் சிஸ்டருக்கு ஒதுக்கப்பட்ட வேலை, முன்வரிசை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது. கன்னியாஸ்திரியாகவும் டாக்டராகவும் இருந்த இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கைக்குட்டை நாலாக மடிந்தது, விரிந்தது, மறுபடி மடிந்தது.

பிரசவ வார்டில் அவர் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் வைத்த பெயர் பம்பரம். அது அவர் காதுக்கு வந்தபோது, பம்பரமாவது நடுவில் கொஞ்சம் தூங்கும் என்று திருத்தம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாடியிலிருந்த அந்த வார்டைப் போன வருஷம் மூடியாயிற்று. மடத்தில் புதிதாகச் சேர ஆளில்லை. இருக்கிற கன்னியரில் பாதிப் பேருக்கு மற்ற பாதிதான் துணை. விழா முடிந்த மறுநாள் டாக்டர் சிஸ்டரை ஓய்வு இல்லத்துக்கு அனுப்ப வண்டி சொல்லியிருந்தார்கள். பெட்டியைக்கூட வேறு யாரோ அடுக்கிவிட்டார்கள். புறநோயாளிகள் அறையிலாவது ஒரு மேஜை போட்டுக்கொடுங்கள் என்று காலையில்கூடச் சபைத் தலைவி மதரிடம் கேட்டுப் பார்த்தார். மதர் வயதில் இளையவர், பேச்சில் தேன்.

"மாடி ஏற முடியாதவங்களுக்கு நான் எப்படி டூட்டி போடறது சிஸ்டர்? உங்க முட்டி என்ன சொல்லுது?"

"முட்டி ஆயிரம் சொல்லும் மதர். அதுகிட்ட யாரு கேட்டா?"

"நான் கேட்டேன்," என்று சிரித்தார் மதர். விஷயம் முடிந்தது.

சுவரெங்கும் வரலாற்றுப் பலகைகள். விளம்பர அதிகாரியின் கைவண்ணம். ஊழியர்களுக்கு அவர் பேனர் தம்பி. ஆரம்பத்தில் வந்த மூன்று சிஸ்டர்களும் மகத்தான ஒரு மருத்துவக் கனவோடு வந்ததாக முதல் பலகை சொன்னது. உண்மையில் அவர்கள் வந்தது பள்ளிக்கூடம் நடத்த. குதிரை செத்துப்போன ஒரு பணக்காரர் காலி லாயத்தைக் கொடுத்தார். பெஞ்சு வந்து இறங்குவதற்குள் வாசலில் வலியோடு ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளை உடுப்பைப் பார்த்து நர்ஸ் என்று நினைத்துவிட்டாள். மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது. மூவரில் இளைய சிஸ்டர் மட்டும் அப்பா வீட்டில் மாட்டுக்குப் பேறு பார்த்தவர். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் வாசலில் கூட்டம். அதில் ஒருவர்கூட எழுத்துப் படிக்க வரவில்லை.

இதையெல்லாம் பழைய சிஸ்டர்கள் சொல்லக் கேட்டிருந்த டாக்டர் சிஸ்டர், பேனர் தம்பியிடம் ஒப்பித்தார். அவர் பலகையைத் துடைத்தபடி சொன்னார்: "மாடு உள்ள வந்தா ஸ்பான்சர் வெளிய போயிடுவாரு சிஸ்டர்."

மேடை நடுவில், வராந்தாவிலிருந்து கழற்றிப் பளபளப்பாக்கிய பழைய மணி. 'அமைதியின் ஓசை' என்றது அதன் பலகை. போன் வராத காலத்தில் ஆளுக்கொரு கணக்காக அந்த மணி கத்தாத நாளில்லை. ஓர் அடி என்றால் தலைமை சிஸ்டர், இரண்டு என்றால் சமையல்கட்டு. ரெண்டு விட்டு மூணு, அதாவது இரண்டு அடித்து ஒரு மூச்சு விட்டு மூன்று, மட்டும் தனி ஆளுக்கானதல்ல. பிரசவ வார்டில் ரத்தப்போக்கு, எல்லாரும் வா என்று அர்த்தம். சமையற்காரர் வெந்நீர் வைப்பார், ஆயா விளக்குகளைப் போடுவார், தோட்டக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் போய்ப் படுப்பார். அவர் ரத்தம் யாருக்கும் சேரும். ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அவர் ரத்த சொந்தம். கல்யாணத்துக்குத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

ஸ்கேன் மிஷின் விற்கும் முதலாளிதான் சிறப்பு விருந்தினர். கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை அடித்தார்.

"சார், இங்க பாருங்க," என்றார் போட்டோக்காரர்.

முதலாளி திரும்பினார், சிரித்தார், ஒரு மூச்சு விட்டார். பிறகு மூன்று தடவை அடித்தார்.

எப்போது எழுந்தோம் என்று டாக்டர் சிஸ்டருக்கே தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்தது. விழாவுக்காகப் புதுப்புடவையில் வந்திருந்த ஆயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். சமையற்காரர் டீ கெட்டிலை ஒரு விருந்தினர் மடியில் வைத்துவிட்டு மறைந்தார். தோட்டக்காரர் பொத்தானைக் கழற்றியபடி ஓடினார். விவரம் தெரியாதவர்கள் தீ என்று நினைத்து வாசல் பக்கம் ஓடினார்கள். மேடையில் மிஞ்சிய முதலாளி, தான் என்ன செய்தோம் என்று போட்டோக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாடிப்படியை டாக்டர் சிஸ்டர் இரண்டிரண்டாக ஏறினார். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரசவ வார்டின் கதவைத் தள்ளி, நேராகத் தொட்டிக்குப் போய், முழங்கைவரை கழுவக் குழாயைத் திருகினார். குழாய் இருமியது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டிய பேனர்கள், ஓரமாகப் பழைய பெஞ்சு, நடுவில் துருப்பிடித்த பிரசவ மேஜை. கட்டிலும் இல்லை, படுத்திருக்க ஆளும் இல்லை.

"பேஷண்ட் எங்க சிஸ்டர்?" என்றார் ஆயா, எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டு.

பெஞ்சில் படுத்திருந்த தோட்டக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அப்ப நான் எந்திரிக்கட்டுமா?"

கடைசியாக மதர் வந்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, மூச்சு பாதியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தாளம் தப்பி ஓடியது.

"படுங்க."

"ஒண்ணுமில்ல சிஸ்டர், மாடி ஏறினதுதான்…"

"படுங்கன்னேன்."

பெஞ்சைத் தோட்டக்காரர் பிடித்துவிட்டதால், படுக்க மிச்சம் இருந்தது பிரசவ மேஜை ஒன்றுதான். ஆயா நூற்றாண்டு பேனர் ஒன்றை விரித்தார். வரலாற்றின் மேல் மதர் படுத்தார்.

"இந்தப் படபடப்பு எவ்வளவு நாளா?"

மதர் கூரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளா இருக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உட்காரச் சொல்லுவீங்க."

டாக்டர் சிஸ்டர் பிடித்த கையை விடவில்லை. பிடித்தபடியே, கீழே கட்டில் தயார் செய்யச் சொல்லி ஆயாவையும், இசிஜி மிஷினுக்கு, வெந்நீரோடு வந்து நின்ற சமையற்காரரையும் அனுப்பினார்.

"நாளைக்கு வண்டி வருமே," என்றார் மதர், கண்ணை மூடியபடி. "வேணாம்னு சொல்லிடுங்க. நான் எந்திரிக்கற வரைக்கும்."

எப்போது எழுந்திருக்கலாம் என்று சொல்ல வேண்டியது டாக்டர். அவர் அதைப் பற்றி அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கீழே ஆட்கள் திரும்பி வந்து உட்காரும் சத்தம். இன்னொரு தடவை சார், என்றது போட்டோக்காரரின் குரல். மணி இரண்டு தடவை அடித்து நின்றது.

மாடியில் யாரும் அசையவில்லை. தோட்டக்காரர் மட்டும் மெதுவாகச் சட்டைக் கையை மறுபடி சுருட்டினார்.